செஸ் கிளப்னா கப் அடிக்கிற டீம் மட்டும்தானா? பாண்டி பள்ளிகளுக்குத் தேவை வாரம் ஒரு புதிர்!

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் டிங் லிரனை 7.5 - 6.5 என்ற கணக்கில் வீழ்த்தி, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார் சென்னைப் பையன் குகேஷ். அதற்கு மூன்று மாதம் முன்புதான், புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்திய ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே தங்கம் வாங்கியிருந்தன. அதன் பிறகு வீடுகளில் கேள்வியே மாறிவிட்டது. 'உங்க பையன் செஸ் ஆடுவானா?' என்று கேட்டவர்கள், இப்போது 'எந்த கோச்சிங் போறான்?' என்று கேட்கிறார்கள்.

புதுச்சேரியும் விதிவிலக்கு இல்லை. சம்மர் கேம்ப் போஸ்டரில் செஸ் இருக்கு. ஸ்கூல் அட்மிஷன் நோட்டீஸில் செஸ் கிளப் இருக்கு. ஆனால் அந்த கிளப்புக்குள்ள வெள்ளிக்கிழமை மதியம் என்ன நடக்குது? பெரும்பாலும் இதுதான்: ஏற்கெனவே நல்லா ஆடத் தெரிந்த நாலு பேர் ஒருத்தரை ஒருத்தர் மோதிக்கொள்வார்கள். மற்ற பிள்ளைகள் பத்து நிமிடத்தில் தோற்றுவிட்டு, காய்களை அடுக்கி கோபுரம் கட்டுவார்கள்.

இந்தக் கட்டுரை அந்த 'மற்ற பிள்ளைகள்' பற்றியது. ஒரு பள்ளி செஸ் கிளப் டோர்னமென்டைச் சுற்றி ஓடக்கூடாது, புதிர்களைச் சுற்றி ஓட வேண்டும் என்பது என் வாதம். ஏன், எப்படி? பார்ப்போம்.

முதலில் ஒரு சின்ன கணக்கு

ஒரு பள்ளியில் 64 பிள்ளைகள் ஆர்வமாகப் பேர் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீம் செலக்‌ஷன் நாக்-அவுட் முறையில் நடக்கிறது. முதல் ரவுண்டு முடிந்ததும் 32 பேர் அவுட். இரண்டாவது ரவுண்டில் இன்னும் 16 பேர். அதாவது ஒரே மதியத்தில் 48 பேருக்கு 'செஸ் உனக்கு செட் ஆகாது' என்று சொல்லிவிட்டோம். அவர்களில் பாதிப் பேர் குதிரை எப்படிப் போகும் என்பதையே போன வாரம்தான் கற்றிருப்பார்கள்.

தோற்பது தப்பில்லை. ஆனால் ஏன் தோற்றோம் என்றே தெரியாமல் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போவதில் யாருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. ஸ்விஸ் முறையில் நடத்தினால் எல்லோருக்கும் எல்லா ரவுண்டும் ஆட்டம் கிடைக்கும், உண்மைதான். அப்போதும் கடைசி டேபிளில் அதே நாலைந்து பிள்ளைகள் தோற்றுக்கொண்டேதான் இருப்பார்கள்.

புதிர் அப்படி இல்லை. அங்கே எதிராளி கிடையாது. கரும்பலகையில் ஒரு நிலை வரைந்திருக்கும். கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்காமலும் போகலாம். யாரும் யாருக்கும் கை குலுக்கி 'குட் கேம்' சொல்லவேண்டிய சங்கடம் இல்லை.

'செஸ் ஆடினா மேத்ஸ் மார்க் ஏறுமா?'

பெற்றோரை இழுக்க செஸ் வகுப்புகள் சொல்கிற முதல் வரி இதுதான். ஒரு நிமிடம் நிதானிக்கலாம்.

இங்கிலாந்தில் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. 100 பள்ளிகள், சுமார் 4,000 பிள்ளைகள், வயது 9 - 10. ஒரு பாதி பள்ளிகளில் 30 வாரம் செஸ் பாடம், மறு பாதியில் வழக்கமான வகுப்பு. செஸ் பாடம் முடிந்து ஒரு வருடம் கழித்துத் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டார்கள். 2016-ல் வந்த ரிசல்ட்: கணக்கில் குறிப்பிடும்படியான முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. படிப்பதிலும் அறிவியலிலும் அதே கதைதான்.

இது ஒரு சோதனைதான். நல்ல பலன் தெரிந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றில், செஸ் கற்ற பிள்ளைகளை வேறு ஒரு புது விஷயம் கற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்ற விமர்சனம் இருக்கிறது. எந்தப் புது ஆக்டிவிட்டி வந்தாலும் கொஞ்ச நாள் பிள்ளைகள் உற்சாகமாகத்தானே இருப்பார்கள்?

அதனால் 'மார்க் ஏறும்' என்று பொய் வாக்குறுதி கொடுத்து செஸ் கிளப் தொடங்க வேண்டாம். மார்க் ஏறவில்லை என்றதும் அதே பெற்றோர்தான் முதலில் நிறுத்துவார்கள். கேரம்போர்டுக்கும் கோலத்துக்கும் நாம் மார்க் காரணம் சொல்வதில்லையே! 40 நிமிடம் ஒரு பிள்ளை போனைத் தொடாமல் ஒரே விஷயத்தை உற்றுப் பார்க்கிறது என்றால், அந்தக் காரணம் போதும்.

ஆனந்த் வளர்ந்ததே டிவி புதிரில்தான்

விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தவர் அம்மா சுசீலா. 1970-களின் கடைசியில், ரயில்வே அதிகாரியான அப்பாவின் பணிக்காகக் குடும்பம் பிலிப்பைன்ஸின் மணிலாவில் இருந்தது. அங்கே டிவியில் தினமும் மதியம் ஒரு செஸ் நிகழ்ச்சி. கடைசியில் ஒரு புதிர் போடுவார்கள், சரியான விடை அனுப்பினால் ஒரு புத்தகம் பரிசு. அந்த நேரத்தில் ஆனந்த் ஸ்கூலில் இருப்பார். அம்மா உட்கார்ந்து ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள்.

இப்படியே தொடர்ந்து ஜெயித்ததில், ஒரு கட்டத்தில் நிகழ்ச்சிக்காரர்களே 'இங்கே வந்து வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கோ, இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே' என்று சொல்லிவிட்டார்களாம். ஆனந்த் பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது. 1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

இந்தக் கதையில் கோச் இல்லை, டோர்னமென்ட் இல்லை. ஒரு நோட்டு, ஒரு புதிர், கூட உட்கார ஒரு ஆள். ஒரு அரசுப் பள்ளியால் கொடுக்க முடிந்த விஷயங்கள் இவை.

சரி, கிளப்பில் என்னதான் செய்வது? 5 ஐடியா

1. சிப்பாய்ச் சண்டை: முதல் நாளே 32 காய்களையும் பலகையில் வைக்காதீர்கள். ஆளுக்கு 8 சிப்பாய் மட்டும். யாருடைய சிப்பாய் முதலில் எதிர்ப்பக்கக் கடைசி வரிசையைத் தொடுகிறதோ அவர் வின்னர். ஐந்து நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடியும். அடுத்த வாரம் ராஜாவைச் சேர்க்கலாம், அதற்கடுத்த வாரம் குதிரை. விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், தானாக ஏறிவிடும்.

2. குதிரைப் பயணம்: 3 வரிசை, 4 பத்தி என 12 கட்டம் வரையுங்கள். மூலையில் குதிரையை வைத்து, எல்லாக் கட்டத்தையும் ஒரே ஒரு முறை தொட வேண்டும். பலகையே தேவையில்லை, தரையில் சாக்பீஸ் போதும். பிள்ளைகளே குதிரையாகத் தாவலாம். ஒரு விடை இதோ:

1 - 4 - 7 - 10
8 - 11 - 2 - 5
3 - 6 - 9 - 12

இதில் நம்ம ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. கடலூர் பக்கத்தில் திருவந்திபுரம் தெரியும்தானே? வேதாந்த தேசிகர் பல ஆண்டுகள் வாழ்ந்த ஊர். அவர் எழுதிய 'பாதுகா சகஸ்ரம்' என்ற சம்ஸ்கிருத நூலில், சித்திரக் கவிதைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதில் ஒரு ஸ்லோகத்தின் 32 எழுத்துகளை 4-க்கு 8 கட்டத்தில் வரிசையாக எழுதி, குதிரை தாவும் வழியில் படித்தால் அடுத்த ஸ்லோகம் வரும்! பாதி செஸ் போர்டு முழுக்க ஒரு குதிரைப் பயணம், அதுவும் இரண்டு பக்கமும் அர்த்தத்தோடு. 700 ஆண்டுக்கு முந்தைய விஷயம் இது. பாண்டியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இப்படி ஒரு சரக்கை வைத்துக்கொண்டு, குதிரைப் பயணத்தை நாம் இணையத்தில் யாரோ வெளிநாட்டவர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

3. எட்டு ராணிகள்: ஒன்றை ஒன்று தாக்காமல் 8 ராணிகளைப் பலகையில் வைக்க வேண்டும். 1848-ல் மாக்ஸ் பெஸல் என்ற ஜெர்மானியர் போட்ட புதிர். மொத்தம் 92 விடை உண்டு. அதில் ஒன்று: ஏ1, பி5, சி8, டி6, இ3, எஃப்7, ஜி2, எச்4. எட்டு ராணிக்கு எங்கே போவது என்றால், எட்டு புளியங்கொட்டை போதும். வகுப்பே சேர்ந்து எத்தனை விடை கண்டுபிடிக்கிறது என்று சுவரில் ஒரு சார்ட் ஒட்டி எண்ணிக்கொண்டே போகலாம். இதற்கு ஒரு டெர்ம் பத்தாது.

4. ஆடவே தெரியாதவருக்கும் புதிர்: செஸ் போர்டில் மொத்தம் எத்தனை சதுரம்? 64 என்று கத்துவார்கள். பெரிய சதுரங்களையும் எண்ணச் சொல்லுங்கள். 204 வரும். அடுத்து, எதிரெதிர் மூலையில் இரண்டு கட்டத்தை வெட்டிவிட்டால் மிச்சம் 62. இரண்டு கட்டத்தை மூடும் 31 அட்டைகளால் அதை முழுசாக மூட முடியுமா? முடியாது! வெட்டிய இரண்டு மூலையும் ஒரே நிறம், ஆனால் ஒவ்வொரு அட்டையும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் சேர்த்துத்தான் மூடும். இந்தக் காரணத்தை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

நெல்மணிக் கதையும் இந்த லிஸ்ட்டில்தான் வரும். முதல் கட்டத்தில் 1, அடுத்ததில் 2, பிறகு 4 என்று வைத்தால், எட்டாவது கட்டத்தில் வெறும் 128. 32-வது கட்டத்தில் மட்டும் 214 கோடிக்கு மேல்!

5. கையும் மூளையும்: இரண்டு பேர் ஒரு டீம். ஒருவர் 'குதிரை' என்று காயின் பெயரை மட்டும் சொல்வார். எங்கே நகர்த்துவது என்று அடுத்தவர் முடிவு செய்வார். இடையில் பேசக்கூடாது. நன்றாக ஆடும் பிள்ளையையும் புதுசாக வந்த பிள்ளையையும் ஒரே பக்கம் உட்கார வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நாலே காய், ஆனால் மண்டை காயும்

சீனியர் பிள்ளைகளுக்கு ஒரு புதிர். 1921-ல் ரிச்சர்ட் ரெட்டி அமைத்தது. வெள்ளை ராஜா எச்8, வெள்ளைச் சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, கறுப்புச் சிப்பாய் எச்5. வெள்ளையின் மூவ். டிரா செய்ய வேண்டும்.

பார்த்த உடனே 'முடியவே முடியாது' என்று தோன்றும். கறுப்புச் சிப்பாய் கீழே ஓடுகிறது, வெள்ளை ராஜா அதற்கு இரண்டு மூவ் பின்னால் இருக்கிறார். வெள்ளைச் சிப்பாயையோ கறுப்பு ராஜா பக்கத்திலேயே நின்று பிடித்துவிடுவார்.

விடை: ராஜா நேராக ஓடக்கூடாது, குறுக்கே நடக்க வேண்டும். ஜி7, எஃப்6, இ5. கறுப்பு தன் சிப்பாயை எச்4-க்குத் தள்ளி, ராஜாவை பி6-க்குக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இ5-ல் நிற்கும் வெள்ளை ராஜாவுக்கு இரண்டு வேலையும் கைக்கு எட்டும் தூரம். கறுப்பு ராஜா நம் சிப்பாயை வெட்டினால், நாம் எஃப்4 போய் எதிரிச் சிப்பாயைப் பிடித்துவிடலாம். வெட்டாமல் கறுப்புச் சிப்பாய் ஓடினால், நாம் டி6 போய் நம் சிப்பாயைக் காப்பாற்றி ராணி ஆக்கிவிடலாம். எப்படிப் போனாலும் டிரா.

ரகசியம் என்னவென்றால், செஸ் போர்டில் தூரம் நம் ஸ்கேல் அளக்கிற மாதிரி இல்லை. எச்8-லிருந்து எச்4-க்கு நேராகப் போனாலும் 4 மூவ், ஜி7, எஃப்6, ஜி5 என்று வளைந்து போனாலும் 4 மூவ். சுற்றிப் போகிற வழியில் இன்னொரு வேலையும் முடிகிறது. இதை வகுப்பில் போட்டால், முதல் 15 நிமிடம் யாரும் விடை சொல்லக்கூடாது என்பதுதான் ஒரே ரூல்.

பாண்டி ஸ்பெஷல்: மந்திரியா, கோமாளியா?

பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் நம்ம ஊர் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி போடுங்கள். ராஜாவுக்கும் ராணிக்கும் பக்கத்தில் நிற்கும், குறுக்கே போகும் காய்க்கு என்ன பெயர்? தமிழில் மந்திரி என்போம். ஆங்கிலத்தில் பிஷப், அதாவது ஆயர். இந்தியில் ஊண்ட், ஒட்டகம். பிரெஞ்சில் அது 'ஃபூ', அரசவைக் கோமாளி! நாம் யானை என்பது அவர்களுக்கு 'தூர்', கோபுரம். விளையாட்டின் பெயர் 'எஷெக்'. அதே சொல்லை ஒருமையில் சொன்னால் 'தோல்வி' என்றும் அர்த்தம் வரும்.

ஒரே காய், நாலு மொழி, நாலு வேலை. தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம், இந்தி எல்லாம் ஒரே தெருவில் கேட்கும் ஊரில் இதைவிட நல்ல மொழிப் பாடம் எங்கே கிடைக்கும்?

யார் நடத்துவது? காசு?

இதுதான் நிஜமான கேள்வி. தமிழ்நாட்டில் 2011-லேயே 7 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கென்று பள்ளி செஸ் திட்டம் அறிவித்தார்கள். 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாட் சமயத்தில் அரசுப் பள்ளிகளில் போட்டிகள் நடந்தன. ஆனால் கோரிமேடு தாண்டினால் அந்த ஊர் ஆர்டர் செல்லாது. நாம் தனி யூனியன் பிரதேசம், நம் பிள்ளைகளுக்கு நாம்தான் யோசிக்க வேண்டும். ஆர்மீனியா 2011-ல் செஸ்ஸைத் தொடக்கப் பள்ளியில் கட்டாயப் பாடமே ஆக்கியது. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இங்கே அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ வழியில் நடக்கின்றன. தேசிய கல்விக் கொள்கை 6 முதல் 8-ம் வகுப்புக்குள் 10 'புத்தகப் பை இல்லாத நாள்' வைக்கச் சொல்கிறது. அதில் இரண்டு நாள் புதிருக்குக் கொடுங்கள், மற்றபடி வாரம் ஒரு பீரியட் போதும்.

செலவு? பத்து ரோல்-அப் பலகை, காய்கள். சில முன்னாள் மாணவர்கள் சேர்ந்தால் முடிந்தது. புதிர்களுக்கு லிசெஸ் தளம் இருக்கிறது. 2010-ல் திபோ துப்ளெஸ்ஸி என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, லட்சக்கணக்கான புதிர்கள் இலவசம். 'ஒரே மூவில் மேட்' என்று தலைப்பு வாரியாகவும் பிரித்துக் கொடுக்கும். பிள்ளைகள் கையில் போன் தேவையில்லை. ஆசிரியர் போனில் பார்த்து கரும்பலகையில் ஒன்று வரைந்தால் போதும்.

ஆசிரியருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல வேலை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் புதிர் வழி நல்லது என்கிறேன். ஆசிரியர் பெரிய பிளேயராக இருக்கத் தேவையில்லை. விடை கையில் இருக்கும். 9-ம் வகுப்புப் பிள்ளைகளே 6-ம் வகுப்புக்கு நடத்தலாம். 40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: 10 நிமிடம் கரும்பலகைப் புதிர், 20 நிமிடம் சின்ன ஆட்டம், கடைசி 10 நிமிடம் 'நான் எங்கே தப்பு பண்ணேன்' என்று நோட்டில் ஒரு வரி எழுதுவது.

அப்போ அடுத்த குகேஷ் எப்படி வருவார்?

நியாயமான எதிர்க்கேள்வி. திறமையான பிள்ளைக்குப் போட்டி வேண்டும், கோச் வேண்டும், ரேட்டிங் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதையின் விலையையும் பாருங்கள். குகேஷின் அப்பா காது-மூக்கு-தொண்டை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் பயணிக்கத் தன் பிராக்டிஸையே விட்டார். அம்மாவின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. எத்தனை வீடுகளால் அது முடியும்?

அதே குகேஷ் தொடங்கிய இடம் எது? 2013-ல், பள்ளி முடிந்ததும் வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். வைஷாலியைச் செஸ் வகுப்பில் சேர்த்ததே டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான். அக்காவைப் பார்த்துத்தான் தம்பி பிரக்ஞானந்தா ஆட வந்தார். இவர்கள் யாரும் முதல் நாள் கிராண்ட்மாஸ்டர் ஆகப் போகிறோம் என்று வந்து உட்காரவில்லை. உட்கார ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான். அந்த இடத்தை நாக்-அவுட் வைத்து முதல் நாளே காலி செய்துவிட்டால், வரவேண்டியவரும் வரமாட்டார்.

குறிப்பாகப் பெண் பிள்ளைகள். ஐந்து பெண்கள், முப்பது பையன்கள் இருக்கும் அறையில் முதல் மேட்ச் தோற்ற பெண் பிள்ளை மறுவாரம் திரும்ப வருமா? வரவைப்பது கிளப்பின் வேலை. வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். ஜூனில் வந்தவர்களில் எத்தனை பேர் டிசம்பரிலும் வருகிறார்கள்? ஷெல்ஃபில் இருக்கும் கப்பை எண்ணுவதைவிட இந்த நம்பர்தான் கிளப் எப்படி ஓடுகிறது என்று சொல்லும்.

கல்வித் துறை சர்க்குலர் போடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படிக்கும் நீங்கள் பாண்டியில் ஏதோ ஒரு பள்ளியில் படித்திருப்பீர்கள். இப்போது ஐடி பார்க்கிலோ, வீட்டிலிருந்தோ வேலை பார்ப்பீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, பழைய பள்ளி ஹெட்மாஸ்டரிடம் பேசி ஒரு மணி நேரம் கேளுங்கள். கோச்சாகப் போக வேண்டாம். 12 கட்டமும் ஒரு சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போங்கள். குதிரைப் பயணம் விடையை மேலே கொடுத்தாச்சு. ஆனால் அதைப் பிள்ளைகளுக்கு உடனே சொல்லிவிடாதீர்கள்!